பாசி சொன்னது

கதவு நிலையில் ஓர் ஆணி,
ஆணியில் ஒரு முழக் கடற்பாசி.
சிரட்டையில் கல்லுப்பு.
ஜன்னல் கட்டில் சவுக்கங்காய் மூன்று,
உப்புவெளிக் கரையில் நான் பொறுக்கியவை.
பிறகு அந்தக் கால் போத்தல்,
சாராய லேபல் பாதி உரிந்தது,
உள்ளே சுறா ஈரல் எண்ணெய்.
அது அவருடையது. நான் தொடுவதில்லை.

ரேடியோக்காரன் சொல்வது
திருகோணமலை முழுவதற்கும்.
பாசி சொல்வது சல்லிக்கு,
சல்லியிலும் எங்கள் கதவுக்கு மட்டும்.
மொறுமொறுத்தால் கருவாட்டைத் தட்டியில் பரப்புவேன்.
துவண்டால் சாக்கைத் தேடுவேன்.
உப்பு வியர்த்தால் வாடை திரும்புது என்பார் அவர்.
எண்ணெய் கலங்கினால்
கிண்ணியா றபியுதீனுக்குப் போன் போகும்:
"நாளைக்கு இல்ல மச்சான்."

புரட்டாதி கடைசி.
குணநாயகத்தின் வள்ளம்
மூன்று நாள் கழித்துக் கரைக்கு வந்தது.
வள்ளம் மட்டும்.

அன்றிரவு சவுக்கங்காய்களை
ஈரத்துணியில் சுற்றி வைத்தேன்.
மூன்று மணிக்கு எழும்பி
பாசியைச் செம்புத் தண்ணீரில் முக்கி
திரும்ப ஆணியில் மாட்டினேன்.
உப்பின்மேல் விரலால் நாலு சொட்டு.
போத்தலைக் குலுக்கினேன்.
கலங்கியது,
நான் பார்த்துக்கொண்டிருக்கவே தெளிந்தது.
இன்னும் ஒருதரம் குலுக்கினேன்.
பொய் சொல்லத் தெரியாத எண்ணெய்.

அவர் வந்தார்.
பாசியைத் தடவினார்.
வாய் மூடிய சவுக்கங்காயைப் பார்த்தார்.
பிறகு நிலத்தைப் பார்த்தார்.
ஆணிக்கு நேர்கீழே
சீமெந்தில் ஒரு சின்னக் குளம்.

காற்றில் வருகிற ஈரம் சொட்டாது.
அது எனக்கும் தெரியும்,
மூன்று மணிக்குத்தான் மறந்துவிட்டது.

ஒன்றும் சொல்லவில்லை.
வலையை இறக்கி வைத்துவிட்டு
அடுப்பில் கேத்தலை ஏற்றினார்.

பகல் முழுக்க ஒரு முகில் இல்லை.
ஸ்திரி போட்ட சீலை மாதிரிக் கடல்.
சாமிமலை வெயிலில் தெளிவாய், கிட்டத்தில்.
பத்து மணிக்கே வள்ளங்கள் திரும்பின,
சூரை, சூரை, எல்லாவற்றிலும் சூரை.
வெறுந்தட்டியில் என் பங்கு வெயில்
வீணாய்க் காய்ந்தது.

"ஏன் நீங்கள் போகேல்ல?"
வேலிக்கு மேலால் யோகமலர் கேட்டாள்.
நான் வாயைத் திறக்கமுதல்
உள்ளேயிருந்து அவர் குரல்:
"எங்கட பாசி நல்லாத் துவண்டு கிடந்தது, பிள்ள."

அடுத்தநாள்
மூன்று மணிக்கு, இருட்டில்,
செம்போடு போய்த் தடவினேன்.
ஆணி மட்டும் இருந்தது.

பாயில் அவர் புரண்டு படுத்தார்.
சட்டைப் பையில்
ஏதோ மொறுமொறுத்தது.

நாலரைக்கு எஞ்சின் சத்தம் கேட்டது,
சாமிமலைப் பக்கமாய்த் தேய்ந்தது.
செம்புத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன்.
கையைச் சீலையில் நன்றாகத் துடைத்துவிட்டு
உப்பைத் தொட்டேன்.
காய்ந்துதான் இருந்தது.
விடியும்வரை
திரும்பத் திரும்பத் தொட்டேன்.