உப்பு முப்பத்து நாலு

தொண்டி பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
ஐந்து கேன் கடல் வந்து இறங்குகிறது.
இரண்டு ஆளுக்கு டிக்கெட் போட்டார் கண்டக்டர்.
தேவகோட்டை வளைவில் கொஞ்சம் சிந்தியதாம்.

காரைக்குடியில் அலை கிடையாது.
கரண்ட் இருக்கும்வரை
ஒரு சின்ன மோட்டார் குமிழ் விடும், அவ்வளவுதான்.
ஆறாம் தொட்டியில் விரல் தடிமனுக்கு
ரப்பர் போல அந்தப் பாசி.
நேற்று நாற்பத்திரண்டு கிராம். இன்று நாற்பத்து நாலு.
அதன் அடியில் வெளிச்சம் எட்டாமல்
வெளுத்துக்கொண்டிருக்கிறது
கட்டைவிரல் அளவு பவளம்.

ஒடிந்த துண்டு ஒன்று போதும்.
நீரோட்டம் கொண்டுபோய் ஏதாவது பாரில் போட்டால்
பிடித்துக்கொள்ளும், மூடிவிடும்.
"எங்கேருந்து ஒடிஞ்சிருக்கும்?" என்கிறார் மேடம்.
நோட்டில் தேதி எழுதுகிறேன்.

மூங்கில் மிதவை, நைலான் கயிறு, முடிச்சுக்கு ஒரு துண்டு.
அக்கா அமலோற்பவம் குழுக் கடனில் கட்டியவை பன்னிரண்டு.
ஐப்பசிக் காற்றில் ஏழு அறுந்தன.
மீதி ஐந்தில் அறுத்து, மணலில் காயவைத்து, நிறுத்து
எனக்கு எம்.எஸ்ஸி. ஃபீஸ் கட்டினாள்.
அந்த ஏழைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவே:
"கடல்ல போனது கடலுக்குத்தானே."

சூடு முப்பத்திரண்டு. உப்பு முப்பத்து நாலு.

மத்தியானம் கரண்ட் போகிறது.
பிளாஸ்டிக் மக்கில் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றுகிறேன், அலை மாதிரி,
ஒவ்வொரு தொட்டியாக.
மேசையில் போன் அதிர்கிறது. அக்காதான்.
புதுக் கயிறு வாங்கலாமா என்று கேட்பாள்.
கை ஈரம்.

ஆறாம் தொட்டிக்கும் ஊற்றுகிறேன்.
பாசிக்கு விழாமல் பவளத்துக்கு மட்டும்
ஊற்ற வரவில்லை.