பதினோரு நிமிடம்

முதலில் கரண்ட் என்று நினைத்தேன்.
பர்கூரில் கரண்டைச் சந்தேகிப்பது
சந்தேகத்தில் சேராது, பழக்கம்.
மூன்று வீடு தள்ளி போர் மோட்டார் போட்டால்
எங்கள் டியூப்லைட் கண் சிமிட்டும்.
ஆனால் யூபிஎஸ் பச்சையாகத்தான் எரிந்தது,
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
கம்ப்யூட்டர் மட்டும்
ஜவுளிக்கடை பில் நாற்பத்தி இரண்டில்
எழுந்து போய்விட்டு வந்தது,
வாசலில் யாரோ கூப்பிட்டாற்போல.

தேதி பதினெட்டு.
இருபதுக்குள் மூன்று கடைக்கு ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும்.
ஒரு நாள் தள்ளினால் ஐம்பது ரூபாய்.
அதை யார் தருவது என்பதில்
கடைக்காரர்கள் மூவருக்கும் ஒரே கருத்து.

நீலத்திரை. அதில் ஒரு சோக முகம்,
இரண்டு புள்ளி, ஒரு வளைவு.
வருத்தம் தெரிவித்தது.
எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.
நூறு வரை எண்ணிவிட்டுத் தானே எழுந்தது.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் சர்வீஸ் கடை இம்தியாஸ்
போனில் சொன்னார்:
“ரேமைக் கழட்டி ரப்பரால தேயுங்கக்கா.”
மகளின் ஜாமெட்ரி பாக்ஸில்
மாம்பழ வாசம் அடிக்கும் ரப்பர் இருந்தது.
தேய்த்தேன். தங்கப் பல்வரிசை பளிச்சிட்டது.
அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது.
பதினோரு நிமிடம்.

வைரஸ் பார்த்தேன், இல்லை.
போன வாரம் கேட்காமல் ஏறிய அப்டேட்டை இறக்கிவிட்டேன்.
பதினோரு நிமிடம்.
வட்டிக் கணக்குப்போல நோட்டில் எழுதினேன்:
10.05
10.16
10.27
காலையில் போட்ட முதல் தடவை மட்டும்
இருபத்தி நாலு நிமிடம் நின்றது.
இதைச் சொன்னதும் இம்தியாஸ் டீ உறிஞ்சுவதை நிறுத்தினார்.
“ஆறிக் கிடந்தா நிக்குதா? அப்ப சூடு.
மூடியத் தொறங்க.”

நாலு திருகாணி. ஒன்று ஏற்கெனவே இல்லை.

உள்ளே
யாரோ கோலமாவைக் கவிழ்த்திருந்தார்கள்.
விசிறியின் இறக்கையில், அதற்கடியில்
அலுமினியத் தகடுகளின் இடுக்கில்
அடைத்து, இறுகி,
நகத்தால் சுரண்டினால் அடையாகப் பெயர்ந்தது.
விரலிடையில் தேய்த்தேன்.
நெறுநெறுவென்றது.
இந்த நெறுநெறுப்பு எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருடமாக
துணி அலசும் தண்ணீரில் கடைசியாகத் தங்குவது.

மாதையனுக்கு கிரானைட் ஷெட்டில் ஓரம் அறுக்கும் வேலை.
தண்ணீர் விடாமல் அறுத்தால் சீக்கிரம் முடியும் என்பார் மேஸ்திரி.
வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி
ஒரு உதறு உதறி மாட்டும் ஆணி
கம்ப்யூட்டர் மேசைக்கு நேர் மேலே.
ஆணி அடித்தது நான்.

பெயிண்ட் பிரஷ். சைக்கிள் பம்பு.
ஒரே ஊது,
அறைக்குள் ஷெட் எழுந்து நின்றது.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.
பொத்திக்கொள்ள வேண்டும் என்று
எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

டவுன் பஸ் கண்டக்டரிடம் இம்தியாஸ் கொடுத்தனுப்பிய
சின்ன ட்யூபில் வெள்ளைப் பசை.
“கடுகளவுதான்க்கா, சட்னி மாதிரி தடவிடாதீங்க.”

ஏழு மணிக்குப் போட்டுவிட்டு
கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பத்து. பதினொன்று.
பன்னிரண்டு.
பில் நாற்பத்தி இரண்டு சாதாரணமாகக் கடந்து போனது,
அதில் இருந்தது ஆறு லுங்கியும் ஒரு ஜமுக்காளமும்.
பத்தரைக்கு மூன்று கடையும் முடிந்தது.
விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதனால்தான் அது கேட்டது.
பக்கத்து அறையில் அவர் இருமி எழுந்து உட்கார்ந்தார்.
சுவரைப் பிடித்துக்கொண்டு
ஒரு மூச்சு, பாதி மூச்சு.
பிறகு எதுவும் நடக்காததுபோலப் படுத்தார்.
“ஒன்னுமில்ல, தூங்கு.”
எத்தனையோ மாதமாக இது.
பீடி என்று நினைத்திருந்தேன்,
கரண்ட் என்று நினைத்த மாதிரி.

நோட்டு பக்கத்திலேயே இருந்தது.
10.27க்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.
11.40
12.25
1.10
அதன்பின் விடியும்வரை எழுதியதில்
சில எண்கள் எனக்கே புரியவில்லை.

காலையில் ஆணியைப் பிடுங்கினேன்.
சுவரில் ஓட்டை விழுந்ததே தவிர
அதனால் பெரிதாக ஒன்றுமில்லை, தெரியும்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன்.
மாங்காய் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம்.
“கம்ப்யூட்டர்தானே காட்டணும்?
பெட்டிய எடுக்காம வந்துட்டியே” என்றார்.

நோட்டு இருக்கு என்றேன்.