மாதிரி எண் பதினேழு

தேயிலை அடைக்கிற ஈயத்தாளில் சுற்றி
பேராதனையிலிருந்து ரயிலில் கொண்டுவந்தேன்
இருபது காகிதக் கீற்றுகளை.
வடிதாள்தான்.
அதன் நார்ப் பொந்துகளில் வெள்ளி,
கண்ணுக்கு அகப்படாத குருணையாக,
மூன்று ராத்திரி ஊறவைத்து ஏற்றியது.
ஈரக்காற்றுக்கு வெள்ளியைக் கண்டால் ஆகாது.
ஹட்டனில் ஒருமுறை பிரித்துப் பார்த்தேன்.
மங்கிய மஞ்சள். இன்னும் கறுக்கவில்லை.

தலவாக்கலையில் இறங்கி, முச்சக்கரவண்டி,
பிறகு நடை.
வாட்டுமாடிக்குக் கீழே ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள்.
மேலே காற்றாடிகளின் இரைச்சல்,
மேசையெல்லாம் பச்சை வாசம்.

தரம் பார்க்கும் தில்ருக்ஷி கேட்டாள்:
ஏன் தாள்? கண்ணாடி நல்லதில்லையா?
கண்ணாடி இலையோடு படியாது என்றேன்.
இலைக்கு நரம்பு உண்டு, விளிம்பில் பல் உண்டு,
கொழுந்து என்றால் சுருட்டும் உண்டு.
தாள் வளையும். துடைக்கும்.
துடைத்ததை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.

கருவியின் சிவப்பு ஒளியைக் காட்டினேன்.
போகிற ஒளியெல்லாம் போனபடியே திரும்பும்,
பங்களாவில் டீ குடித்துவிட்டு
தோட்டம் பார்த்தேன் என்கிற விருந்தாளி மாதிரி.
கோடியில் ஒன்றுதான் நிறம் மாறி வரும்.
எதைத் தொட்டது என்று அதற்குத்தான் தெரியும்.
அதன் குரலோ, கேட்கவே கேட்காது.

லயத்தில் பிறந்தவளுக்கு மிச்சம் புரியும்.
பக்கத்துக் காம்பராவின் சுவர்
கூரையைத் தொடாமல் நின்றுவிடுமே,
அந்த ஒரு முழம்.
அங்கேதான் கிசுகிசுப்பு பெரிசாகும்.
இதுவும் அப்படி. வெள்ளியில் இல்லை,
வெள்ளிக்கும் வெள்ளிக்கும் நடுவில்.
ஆய்வேட்டில் இப்படியே எழுதியிருந்தேன்.
பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

ஏழாம் நம்பர் மலையிலிருந்து பதினாறு கொழுந்து.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கீற்று,
ஒரு சொட்டுச் சாராயம், பத்து விநாடி.
திரையில் ஒரே இடத்தில் சின்னச் சின்ன முனைகள்.
பதினாறும் வரம்புக்குள்.
கப்பலுக்குப் போகலாம் என்று தில்ருக்ஷி
பிளாஸ்கைத் திறந்தாள்.

மருந்தடிக்கிற பதிவுப் புத்தகத்தில்
ஒப்பம் வைக்க வந்தார் சவரிராஜ்.
(இங்கே நஞ்சுக்கும் மருந்து என்றுதான் பெயர்.)
பேனாவை வைத்த கை மேசையிலேயே கிடந்தது.
பங்குனி வெயிலில் வெடித்த வாய்க்கால் மாதிரி உள்ளங்கை.
"இதுக்கும் பாக்குமா, தங்கச்சி?
சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவிட்டேன்."
விளையாட்டாகத்தான் கேட்டார்.

தாள் வெடிப்புக்குள் இறங்கியது.
மடிந்து, நனைந்து, பெருவிரலின் அடிவரைக்கும்.

பத்து விநாடி.
திரை தானாகவே அளவுகோலை மாற்றிக்கொண்டது.
அதே இடத்தில் ஒரு முனை எழும்ப
பதினாறு கொழுந்தும்
தரையோடு தரையாகப் படுத்துவிட்டன.

"கூடவா?"
கூட.
"எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?"

அட்டவணையைப் புரட்டினேன்.
ஐரோப்பாவுக்கு ஒரு வரம்பு, ஜப்பானுக்கு ஒன்று.
காய்ந்த தேயிலைக்கு, பச்சை இலைக்கு,
கோப்பையில் இறங்கும் சாயத்துக்குக்கூட.
"எலைக்குத்தான் போட்டிருக்கு" என்றேன்.
அவர் கையைச் சாரத்தில் துடைத்தார்.
பிறகு சாரத்தைக் குனிந்து பார்த்தார்.

படிவத்தில் தோட்டம், மலை, பறித்த தேதி.
மாதிரி வகை: கொழுந்து, என்று அச்சடித்தே இருந்தது.
அதன்மேல் ஒரு கோடு இழுத்து
கை என்று எழுதினேன். வலது.
தில்ருக்ஷி படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.
சன்னலைப் பார்த்தாள். வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை.
"இதில் ரெண்டு கையெழுத்து வேணும்" என்று
என் பேனாவையே வாங்கிக்கொண்டாள்.

மிச்சம் மூன்று கீற்று.
சவரிராஜ் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்,
வாசலில் இப்போது ஐந்து பேர்,
ஒருவர் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு.
தாள் என்பதில் இன்னொரு வசதியும் உண்டு.

கத்தரிக்கோல் இருக்கா என்று கேட்டேன்.