எழுத்துப்பிழை இல்லை

ரே ரோடு ஸ்டேஷனுக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
மருந்துக் கையேடு, பதினேழாம் பதிப்பு.
ஹெர்மினா மூலப்படியை உரக்க வாசிக்கிறாள்,
கமா, முற்றுப்புள்ளி உட்பட.
நான் அச்சுப்படியில் விரல் ஓட்டுகிறேன்.

இந்த வாரம் புராஸ்டேட்.
ஆங்கிலத்தில் அதன் நடுவே ஒரு 'ர' கூடினால்
சுரப்பி நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிடும்.
ஒன்பது இடத்தில் விழுந்திருந்தது.
ஒன்பது முறையும் தூக்கி நிறுத்தினேன்.
சிப்ரோஃப்ளாக்சசினில் ஓர் அசை உதிர்ந்திருந்தது.
நார்ஃப்ளாக்சசினும் ஓஃப்ளாக்சசினும்
அண்ணன் தம்பி சட்டைகள் மாதிரி
கொடியில் இடம் மாறிக் கிடந்தன.

"காய்ச்சல் கமா குளிர்நடுக்கம் கமா
சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கமா"
பூசையில் நிருபம் வாசிக்கும் அதே குரல்,
கூச்சம் ஒரு பொட்டு இல்லை.
நான் கால்மேல் கால் மாற்றிப் போடுகிறேன்.
காலையிலிருந்து ஐந்து முறை எழுந்துபோயாயிற்று.
டீ அதிகமாகிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

"நான்கு வாரம்" என்றாள்.
என் விரலுக்கடியில்
நான்கு நாள்.

நாள் என்பதில் எழுத்துப்பிழை இல்லை.
கணினி அதன் கீழ் சிவப்புக் கோடு போடாது.
குளித்து, நீறு பூசி,
பந்தியில் வந்து உட்கார்ந்த திருடனாக
இருந்தது அந்தச் சொல்.

"என்ன, நின்றுவிட்டீர்கள்?"

ஆண்டாப் ஹில்லில், என் பீரோவின் மேல்,
ரேஷன் கார்டுக்கு அடியில்
இருபத்தெட்டு நாளைக்கு எழுதித் தந்த மாத்திரை.
தீபாவளிக்கு முன் நான்கு நாள் விழுங்கினேன்.
எரிச்சல் போயிற்று.
மிச்சத்தை மிச்சம் பிடித்தேன்.
இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன்,
பிறர் மெய்க்கு.

நாளை அடித்தேன்.
ஓரத்தில் வாரம் என்று எழுதி வட்டமிட்டேன்.
கை சற்று நடுங்கியதில்
வட்டம் பூசணிக்காய் மாதிரி வந்தது.
"மறுபடி வாசி."
"நான்கு வாரம் கமா
அறிகுறிகள் நின்ற பின்னும் முற்றுப்புள்ளி."

ஆறாம் முறை எழுந்துபோய் வந்தேன்.
என் டீ கிளாஸைக் காணவில்லை.
அந்த இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர்.
ஹெர்மினா தாளிலிருந்து தலை தூக்கவில்லை.
"டாக்டர் சாளுங்கே
ஆறரை வரை கிளினிக்கில் இருப்பார்" என்றாள்,
"முற்றுப்புள்ளி."