ஹைகிரவுண்டு, மூன்றாம் தியேட்டர்

படிவத்தில் ஒரு கேள்வி:
வீட்டில் புகைப்பவர் உண்டா?
செய்யதலி பாத்து சொன்னாள்,
"யாரும் குடிக்கிறதில்ல டாக்டரம்மா.
சுத்துறோம்."
ஆம், இல்லை, இரண்டே கட்டம்.
இல்லையில் கோடு போட்டேன்.

மகன் ரசூல் மைதீனுக்கு ஆறு வயது, பதினேழு கிலோ.
டான்சில் இரண்டும் கொடுக்காப்புளிச் சுளை மாதிரி
வெளிறிச் சிவந்து முட்டிக்கொண்டு நின்றன.
சளி பிடித்து ஒரு மாதம் இருக்கும் என்றாள் முதலில்.
பிறகு விரல்விட்டு எண்ணி,
"ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறவுதான்" என்றாள்.
நானும் எண்ணினேன். பதினொரு நாள்.
எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி.
மாற்ற மனம் வரவில்லை.

தூங்கவைக்க இரண்டு வழி.
கையில் ஊசி குத்தி, பால் நிற மருந்தை நரம்பில் விடலாம்,
எண்ணி முடிப்பதற்குள் கண் செருகிவிடும்.
இல்லையென்றால் முகத்தில் மாஸ்க்,
இனிக்கிற வாயு, ஊதச் சொல்லி ஒரு பலூன்.
சளி ஆறாத பிள்ளையின் நுரையீரலுக்கு
முதல் வழியே சாந்தம் என்று
படித்திருக்கிறேன், பாடமும் எடுத்திருக்கிறேன்.

அவன் டிரேயில் கிடந்த ஊசியைப் பார்த்தான்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
சட்டைப் பொத்தான் ஒன்றைக்
கழற்றிப் போட்டு, கழற்றிப் போட்டு நின்றான்.
நான் மாஸ்க்கை எடுத்தேன்.

ஊதினான். நன்றாகவே ஊதினான்.
கண் மேலேறியது.
பிறகு ஒரு சத்தம்,
சேவல் கூவ எடுத்துப் பாதியில் விட்ட மாதிரி.
பிறகு அதுவும் இல்லை.

ஆனியில் எங்களுக்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழி.
வார்டு சன்னலெல்லாம் அடித்துக்கொள்ளும்.
அந்தக் கணவாயை யாரோ சாத்திவிட்டார்கள்.
மலைக்கு அந்தப் பக்கம் காற்று நிற்கிறது,
இந்தப் பக்கம் ஓர் இலை அசையவில்லை.
வயிறு எழும்புகிறது, நெஞ்சு உள்ளே குழிகிறது,
என் கையில் பை கல்லாக இருக்கிறது.

மானிட்டரின் ஓசை சுருதி இறங்கும்.
எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.
தொண்ணூற்று நாலு எது, எண்பத்தொன்று எது,
என் காதுக்குத் தெரியும்.
அறுபத்தெட்டை நான் அடிக்கடி கேட்டதில்லை.

தாடையை முன்னுக்குத் தள்ளினேன்,
ஆக்சிஜனை அழுத்தினேன்.
சிஸ்டர் எஸ்தர் ராஜகனி
அந்தச் சின்னப் புறங்கையைத் தட்டித் தட்டி
நரம்பு தேடினாள்,
நான் இரக்கப்பட்டுக் குத்தாமல் விட்ட கையில்.
"கெடச்சிட்டு."

பால் நிற மருந்து இறங்கியது.
பாளையங்கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட நாளைப் போல
முதலில் நுரையும் குழறலும்,
அப்புறம்தான் ஓட்டம்.
உதட்டுக்கு நிறம் திரும்பியது.
நாற்பது விநாடி என்றாள் எஸ்தர்.
நான் ஐம்பது என்று எழுதினேன்.

சாயங்காலம் வார்டில்
அவன் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு
கரகரத்த குரலில் பலூன் எங்கே என்றான்.
"ஊசி போடலதான?" என்று கேட்டாள் அவள்.
போட்டோம் என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.
பீடித்தட்டு மடியில் இருக்கிற பாவனையில்
முட்டி இரண்டையும் சேர்த்து உட்கார்ந்திருந்தாள்.
"தூளாலயா டாக்டரம்மா?"

தூளா, சளியா, வாயுவா,
ஒரு பொத்தானைப் பார்த்து இளகின நானா,
தெரியவில்லை. அதையும் சொன்னேன்.
"வெளிய வச்சு சுத்தலாம்," என்றாள் கொஞ்சம் பொறுத்து.
"இந்தக் காத்துல தூளு நிக்காது."

மறுநாள் முக்கூடல் பிள்ளை ஒன்று.
புறங்கையில் மரத்துப்போகும் களிம்பு தடவி
ஒரு மணி நேரம் காத்திருந்து குத்தினேன்.
அப்படியும் அழுதது.
அழட்டும். ஒவ்வொரு அழுகைக்கும் முன்னால்
எவ்வளவு பெரிய மூச்சு எடுக்கிறது.

அதன் படிவத்தில் இரண்டு கட்டத்துக்கும் வெளியே
ஓரத்தில் எழுதினேன்: சுற்றுகிறார்கள்.
கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் வந்து கேட்டார்,
இதை எங்கே போட மேடம்?