வசனம் தீர்ந்த நகரம்

டண்டீயில் நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர்.
டே ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
மூன்றாம் மாடிக் கண்ணாடியில் முகம் வைக்கிறது.
உள்ளே மோர்வென் கெடிஸ்
இன்னும் கட்டி முடியாத ஒரு நகரத்தின்
வழிப்போக்கர்களுக்குப் பேச்சு எழுதுகிறாள்.

கதை என்னவோ சின்னது.
நாயகனின் தங்கையைக் கடத்திவிட்டார்கள்.
விடிவதற்குள் மீட்க வேண்டும்.
ஆனால் விடியாது.
அவன் கூரை கூரையாகத் தாவி
இருநூறு நீலக் கற்களைப் பொறுக்கி முடிக்கும்வரை
அவள் நாற்காலியில் கட்டுண்டே இருப்பாள்,
பசிக்காமல்,
அலுக்காமல்,
ஒன்பது நொடிக்கொரு முறை அதே விம்மலை விம்மிக்கொண்டு.
"ஒரு வாய் தண்ணீராவது கொடுக்கலாமே" என்று
கூட்டத்தில் மோர்வென் கேட்டபோது சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவைக்கச் சொல்லவில்லை.

முதல் நிலையில் நாயகனுக்கு
ஆளுயரம் தாவத்தான் வரும்.
மீன்கடைக்காரர்மேல் மோதினால்
"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"
பன்னிரண்டில் சுவரேறுவான்:
"பார்த்துப்பா, ஓடு வழுக்கும்."
இருபதில் பேருந்தைத் தூக்குவான்,
அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.
முப்பத்தைந்தில் பறப்பான்.
"ஐயா."
அவ்வளவுதான். வெறும் ஐயா.

குரல் கொடுத்தவர் டூகல் பெட்ரி,
துறைமுகத்தில் முன்பு கிரேன் ஓட்டியவர்.
திட்டுகளை ஒரே மூச்சில் முடித்தார்.
அந்த ஐயாவுக்கு மட்டும் பதினோரு தடவை.
"இது என் வாயில் வரமாட்டேங்குதே, அம்மணி."

ஐம்பதாம் நிலைக்கு வருவதற்குள் பணம் தீர்ந்தது.
ஊர் அண்ணாந்து பார்க்கட்டும், போதும் என்றார்கள்.

சோதித்துப் பார்க்க வந்த ரூரி
நாற்பத்தாறு மணி நேரத்தில் எல்லாச் சக்தியும் பெற்றான்
(தங்கை இன்னும் நாற்காலியில்தான்).
மேகத்துக்கு மேலே போனான்.
நெருப்பு, இடி, காலம்
எல்லாம் ஒரு பொத்தான்.
பிறகு மீன்கடை முன்னால் வந்து இறங்கினான்.
அவரை இடித்தான்.
மறுபடி இடித்தான்.
அவன் எதிரிலேயே நிற்க
அவர் அண்ணாந்து பார்த்தார்
யாருமில்லாத வானத்தை.

மோர்வென் குறிப்பேட்டில் 'பிழை' என்று எழுதினாள்,
பிறகு அதை அடித்தாள்.
ரூரி ஒன்றும் சொல்லவில்லை.
பட்டியலின் அடிவரைக்கும் போய்
முதல் நாள் சேமிப்பைத் திறந்தான்.
ஆளுயரம் தாவி,
கால் இடறி,
நேரே போய் அவர்மேல் விழுந்தான்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

ஒலியைக் கூட்டிவைத்துவிட்டு
எழுந்து
மறுபடி மோதினான்.