நாலு கேஜ், மூன்று மீட்டர்

ஷுவைக்கில் மதியம் ஒரு மணி.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
குல் நவாஸ் ரொட்டியைப் பிய்க்கும் நேரம்
பழைய சன்னி ஒன்று
அடியில் மூக்கை நுழைத்தது.

இறங்கியவன் செலஸ்டின்,
லாண்டரி வேன் ஓட்டுகிறவன்.
கையில் வெள்ளிச் சந்தை ஆம்ப்ளிஃபயர்,
நானூறு வாட்ஸ், ஒரு காது உடைந்தது.
பாலிதீன் கவரில் சிவப்பு ஒயர்.
"நாலு கேஜ் அண்ணே, எழுதியிருக்கு பாருங்க."

எழுதியிருந்தது.
எழுத்து தோலின் மேல்தான் இருந்தது.
கத்தியால் சீவினேன்.
விரல் தடிமன் ரப்பருக்குள்
பென்சில் கரியளவு கம்பி.
அதையும் சுரண்ட, செம்பு நிறம் போய்
அலுமினியம் பல்லிளித்தது.

கேஜ் கணக்கு தலைகீழ்.
எண் ஏற ஏற ஒயர் மெலியும்.
எட்டை விட நாலு தடி,
நாலை விடப் பூஜ்யம் தடி.
பூஜ்யத்துக்கு மரியாதை கிடைக்கும் இடம்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

"போடுங்க, பாத்துக்கிடலாம்" என்றான்.
போட்டேன், வம்புக்குத்தான்.
பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஐந்தரை மீட்டர்.
போனில் அவன் ஊர்க் குருசடித் திருநாள்
செண்டைமேளம்,
அவனே பிடித்தது, காற்று இரைச்சலோடு.

முதல் அடி விழுந்தது.
டாஷ்போர்டு விளக்கு மங்கி எழுந்தது.
அடுத்த அடிக்கு
எதிர்ச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சமும்.
"லைட்டு ஆடுது பாத்தியளா! கொள்ளாம்லா!"

ஆட்டமில்லையடா, அது இளைப்பு.

மீட்டரை வைத்துக் காட்டினேன்.
பேட்டரி முனையில் பதின்மூன்று புள்ளி எட்டு,
டிக்கியில் பன்னிரண்டு.
நடுவில் காணாமல் போனது எங்கே?
ஒயரில் கையை வை என்றேன்.
வைத்தான்.
எடுத்தான்.
அங்கேதான்.

"ஃபியூஸ் இருக்குல்லா, ஆம்ப்பைக் காக்கும்."
எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.
ஃபியூஸ் ஒயருக்குத்தான் காவல்.
அதனால் பேட்டரிக்கு இரண்டு சாண் தூரத்துக்குள்
அது நிற்க வேண்டும்.
டிக்கியில் நிறுத்தினால்
நடுவழியில் பிடிக்கும் தீ யாரைக் கேட்கும்?
அதுவும் ஆகஸ்டில், இந்த பானெட்டுக்குள்.

நல்ல செம்பு மீட்டர் மூன்று தினார்.
அவன் விரல் விட்டு எண்ணினான்,
பத்தோடு நிறுத்தி
விரல்களை மடக்கிக்கொண்டான்.

மிஷாரியின் யூக்கானுக்குப் போட்டதில் மிச்சம்
மூலையில் சுருண்டு கிடந்தது.
நாலு கேஜ், சுத்தச் செம்பு.
அளந்தேன். மூன்று மீட்டர்.
இழுத்து அளந்தேன். மூன்றேதான்.

குல் நவாஸ் கை கழுவிவிட்டு வந்தான்.
டேப்பைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.
தாடியில் ரொட்டித் துணுக்கோடு
"ஆம்ப்பை முன்னால் கொண்டு வா" என்றான்.

டிரைவர் சீட்டுக்கு அடியில்.
ஒற்றைச் செருப்பு, பில் புத்தகம்,
மூன்று வருடத்துச் சில்லறை வெளியே வந்தன.
பெயிண்டைச் சுரண்டி
வெறும் இரும்பில் எர்த், அரை மீட்டர்.
இந்தப் பக்கம் இரண்டரை.
ஸ்பீக்கர் ஒயர் நீளமாகப் போகட்டும்,
அதில் ஓடுவது பத்து ஆம்பியர், சாது.

தடிமனைக் கூட்டக் காசில்லாதபோது
தூரத்தைக் குறைக்கலாம்.
ஆம்ப்பைப் பற்றித்தான் சொல்கிறேன்.
வேறெதிலும் எனக்கு அந்த வசதி
இருந்ததில்லை.

மறுபடியும் செண்டை.
குல் நவாஸின் தேநீரில் வட்டம் வட்டமாக அலை.
தகரக் கூரை ஒரு ஆணியைக் கழற்றப் பார்த்தது.
விளக்கு கண்ணிமைக்கவில்லை.
செலஸ்டின் முகத்தில் பாதிதான் சந்தோஷம்:
"லைட்டு ஆடலியே அண்ணே."

கூலி நாலு தினார் வாங்கினேன்.
ஒயரை பில்லில் எழுதவில்லை.
கிளம்பியவன் திரும்பி வந்து
குப்பை டின்னுக்குள் கைவிட்டு
அந்தச் சிவப்பு ஒயரை உருவினான்.
"ஜலீப் ரூம்ல ஆறு பேரு,
துணி காயப்போட ஆகும்லா?"

நீட்டிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன்.
ஈரத் துணிக்கு
அது சரியான அளவு.